புதுச்சேரியில் மகரந்த ஒவ்வாமை: பருவங்களும் பாதுகாப்பு முறைகளும்

காலையில் எழுந்தவுடன் தொடர் தும்மல், நீராக ஒழுகும் மூக்கு, கண்களில் அரிப்பு, இரவில் மூக்கடைப்பு ஆகியவற்றைப் பலர் "அடிக்கடி பிடிக்கும் சளி" என்றே கருதுகின்றனர். சாதாரண சளி பெரும்பாலும் 7 முதல் 10 நாள்களுக்குள் நீங்கிவிடும். இத்தொல்லைகள் வாரக்கணக்கில் நீடித்தாலோ, ஆண்டுதோறும் அதே பருவத்தில் திரும்பி வந்தாலோ, காரணம் ஒவ்வாமையாக இருக்கக்கூடும். புதுச்சேரி நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் அறிந்திருக்க வேண்டியவை இப்பக்கத்தில் தொகுத்துத் தரப்பட்டுள்ளன.

முக்கியச் செய்திகள்

• ஒவ்வாமை தொற்றுநோய் அன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது.
• பளிச்சிடும் நிறமும் மணமும் கொண்ட பூக்களைவிட, கண்ணில் படாத புல், களைச்செடி, சவுக்கு போன்றவற்றின் மகரந்தமே அதிகத் தொல்லை தரும்.
• புதுச்சேரி போன்ற ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் வீட்டுத் தூசு உண்ணியும் பூஞ்சையும் மகரந்தத்திற்கு நிகரான, பல வேளைகளில் அதைவிட முக்கியமான, காரணங்கள்.
• மூக்கு ஒவ்வாமையைக் கவனியாது விட்டால் ஆஸ்துமாவைக் கட்டுப்படுத்துவது கடினமாகும்.
• மூச்சுத்திணறல் ஏற்பட்டால் காத்திருக்காதீர்கள். 108 எண்ணை அழையுங்கள்.

மகரந்த ஒவ்வாமை என்றால் என்ன?

மகரந்தம் என்பது பூக்களின் ஆண் உறுப்பிலிருந்து வெளிப்படும் நுண்ணிய தூள். ஒரு மகரந்தத் துகளின் விட்டம் பெரும்பாலும் 15 முதல் 60 மைக்ரான் வரை இருக்கும். தனித் துகளாகக் கண்ணுக்குத் தெரியாது.

பெரும்பாலானோரின் உடல் இத்துகளைப் பொருட்படுத்துவதில்லை. ஒவ்வாமைத் தன்மை உள்ளவர்களின் நோய் எதிர்ப்பு அமைப்பு மட்டும் இதைத் தீங்கு செய்யும் பொருளாகத் தவறாகக் கணித்து, ஐஜிஇ என்னும் எதிர்ப்புப் புரதத்தை உருவாக்குகிறது. அடுத்த முறை அதே மகரந்தம் மூக்கினுள் செல்லும்போது, அங்குள்ள சிறப்பு அணுக்கள் ஹிஸ்டமின் உள்ளிட்ட வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. தும்மல், அரிப்பு, நீரொழுக்கு, வீக்கம் ஆகியவை அதன் விளைவுகளே.

பெற்றோருக்கு ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ கரப்பானோ இருந்தால், பிள்ளைகளுக்கும் ஒவ்வாமை வரும் வாய்ப்பு கூடுதல். எனினும் குடும்பத்தில் எவருக்கும் இல்லாதபோதும் இது வரலாம்; எந்த வயதிலும் தொடங்கலாம்.

எந்தத் தாவரங்கள் தொல்லை தருகின்றன?

தேனீ, வண்டு போன்ற பூச்சிகளால் மகரந்தச் சேர்க்கை நடைபெறும் பூக்களில் மகரந்தம் கனமாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும், தொலைவுக்குப் பறக்காது. செம்பருத்தி, மல்லிகை, சாலையோரக் கொன்றை மரங்கள் போன்றவை இவ்வகையின. காற்றை நம்பியுள்ள தாவரங்களின் மகரந்தமோ இலேசானது, பெருமளவில் உண்டாவது, காற்றில் நெடுந்தொலைவு செல்வது. எனவே வாசலில் பூத்துக் குலுங்கும் மரத்தை வெட்டுவதால் ஒவ்வாமை தீர்ந்துவிடும் என்று கருத வேண்டாம்.

கோடையில் மிதந்து வரும் இலவம் பஞ்சும் எருக்கம் பஞ்சும் விதைகளைச் சுமந்து செல்பவை; அவை மகரந்தம் அல்ல. கண்ணில் விழுந்தால் உறுத்தும். ஆனால் மகரந்த ஒவ்வாமைக்கு அவை காரணமாவதில்லை.

இப்பகுதியில் கவனிக்க வேண்டிய தாவரங்கள்:

• புற்கள்: அறுகம்புல் முதல் வரப்போரப் புற்கள் வரை. பூக்கும் நிலையிலுள்ள நெல்லும் புல் இனமே.
• பார்த்தீனியம்: கேரட் இலை போன்ற இலைகளும் சிறு வெண்ணிறப் பூக்களும் கொண்ட களை. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இச்செடி 1950களின் நடுப்பகுதியில் புனே அருகே கண்டறியப்பட்டு, பின்னர் நாடு முழுவதும் பரவியது. காலி மனைகள், சாலையோரங்கள், தண்டவாள ஓரங்களில் செழித்து வளரும். மூக்கு ஒவ்வாமையுடன் முகம், கழுத்து, கண்ணிமை, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் கடும் தோல் அழற்சியையும் உண்டாக்கும்.
• சவுக்கு: புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் கடலோர மணற்பரப்புகளில் தோப்புகளாக வளர்க்கப்படுகிறது. பொதுவாக ஆண்டுக்கு இருமுறை பூக்கும்.
• சீமைக் கருவேலம்: ஏரிக்கரைகள், தரிசு நிலங்களில் அடர்ந்து காணப்படும்.
• முள்ளுக்கீரை உள்ளிட்ட கீரைக் குடும்பக் களைகளும் ஆமணக்கும்.
• தென்னை, பனை.

இத்தாவரங்கள் அனைத்தும் உங்களைப் பாதிக்கும் என்பதில்லை. ஒருவருக்குப் புல், மற்றொருவருக்குப் பார்த்தீனியம் என்று காரணம் ஆளுக்கு ஆள் மாறும்.

மகரந்தத்தை எவ்வாறு அளவிடுகின்றனர்?

ஒவ்வொரு தாவர இனத்தின் மகரந்தத்திற்கும் தனித்த மேலோட்டு வடிவம் உண்டு. நுண்ணோக்கியில் அந்த வடிவத்தைக் கொண்டே அதன் தாவரத்தை அடையாளம் காண்கின்றனர். இத்துறையில் புதுச்சேரிக்கு நீண்ட மரபு இருக்கிறது. 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் மகரந்தவியல் ஆய்வகத்தில், வெப்பமண்டலத் தாவரங்கள் பல்லாயிரத்தின் மகரந்தங்கள் கண்ணாடிச் சில்லுகளில் பாதுகாக்கப்பட்டுள்ளன. அறிஞர் கணபதி தணிகைமணி (1938–1986) அங்குப் பணியாற்றி உலக அளவில் மதிக்கப்பட்டவர்.

காற்றிலுள்ள மகரந்தத்தை எண்ணுவதற்கு, நிமிடத்திற்கு 10 லிட்டர் காற்றை உறிஞ்சும் கருவி ஒன்று கட்டடத்தின் மேல்தளத்தில் வைக்கப்படும். உள்ளிருக்கும் பசைப்பட்டையில் ஒட்டிய துகள்கள் எண்ணப்பட்டு, ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை துகள்கள் என்று கணக்கிடப்படும். பல மாத எண்ணிக்கையைத் தொகுத்தால் அந்த ஊரின் மகரந்த நாட்காட்டி கிடைக்கும். 2022இல் சண்டிகர் நகருக்கு இத்தகைய நாட்காட்டி வெளியிடப்பட்டது. ஆனால் வடநாட்டு நகரின் நாட்காட்டி நமக்குப் பொருந்தாது. அங்குள்ள மரங்களும் குளிர்கால, இளவேனில் வரிசையும் வேறு. கைபேசிச் செயலிகள் காட்டும் "மகரந்த அளவு" பெரும்பாலும் கணினிக் கணிப்பே. உங்கள் தெருவில் எண்ணப்பட்டதன்று. அதைவிட உங்கள் சொந்த அறிகுறிக் குறிப்பேடு நம்பகமானது.

புதுச்சேரியின் பருவங்களும் ஒவ்வாமையும்

தை முதல் பங்குனி வரை (சனவரி – ஏப்ரல் தொடக்கம்): மழை ஓய்ந்து நிலம் காயும் காலம். மழையில் முளைத்த புற்களும் களைகளும் பூத்து முற்றும். சவுக்கும் பல மரங்களும் பூக்கும். பாகூர், வில்லியனூர் பகுதிகளில் அறுவடைத் தூசும் வைக்கோல் தூசும் சேரும். போகிப் புகையும் விடியற்காலை மூடுபனியும் மூச்சுக்குழலை மேலும் உறுத்தும். பள்ளித் தேர்வுகளும் இக்காலத்தில்தான் வருகின்றன. ஆதலால் பிள்ளைகளின் சிகிச்சையைத் தேர்வுக்கு முன்பே சீர்செய்துகொள்ளுங்கள்.

சித்திரை முதல் ஆனி வரை: வெயிலும் வறண்ட மேற்குக் காற்றும் மிகுந்த காலம். தரிசு நிலத் தாவரங்களின் மகரந்தமும் சாலைப் புழுதியும் நகருக்குள் வரும். பிற்பகலில் கடற்காற்று வீசத் தொடங்கியதும் பலருக்கு இதமாக இருக்கும். கடலிலிருந்து வரும் காற்றில் மகரந்தம் குறைவு என்பதே காரணம். அக்கினி நட்சத்திர நாள்களில் கடற்காற்று தாமதமாக வருவதுண்டு.

ஆடி முதல் புரட்டாசி வரை: மாலை மழைக்குப்பின் புற்களும் பார்த்தீனியமும் விரைந்து வளரும். பார்த்தீனியம் முளைத்த ஒரு மாத அளவிலேயே பூக்கத் தொடங்கிவிடும். நாடெங்கும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் கடைப்பிடிக்கப்படுவதற்கு இப்பருவமே காரணம்.

ஐப்பசி முதல் மார்கழி வரை: வடகிழக்குப் பருவமழை. தொடர் மழை மகரந்தத்தைக் காற்றிலிருந்து கழுவிவிடும். எனினும் ஈரச் சுவர்களில் பூஞ்சையும் மெத்தைகளில் தூசு உண்ணியும் பெருகும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. அத்தகைய வெள்ளம் புகுந்த வீடுகளில் நனைந்த மெத்தை, பாய், அட்டைப்பெட்டி ஆகியவற்றை உலர்த்திப் பயன்படுத்துவதைவிட அகற்றிவிடுவதே நல்லது. தீபாவளிப் பட்டாசுப் புகையும் இப்பருவத்தில்தான் வருகிறது.

இடியுடன் கூடிய மழைக்கு முன்னும் மழை தொடங்கிய சில நிமிடங்களிலும் கவனம் தேவை. ஈரத்தில் மகரந்தம் உடைந்து, மூச்சுக்குழலின் ஆழம்வரை செல்லக்கூடிய நுண்துகள்களாகச் சிதறலாம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 2016 நவம்பர் 21 அன்று இவ்வாறு ஏற்பட்ட ஆஸ்துமா அலையில் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். 10 பேர் உயிரிழந்தனர். ஆஸ்துமா உள்ளவர்கள் அத்தகைய வேளையில் வீட்டினுள் இருந்து சன்னல்களை மூடிக்கொள்வது நல்லது.

சளியா, ஒவ்வாமையா?

• அரிப்பு: கண், மூக்கு, அண்ணம், காது ஆகியவற்றில் அரிப்பு இருந்தால் ஒவ்வாமைக்கே வாய்ப்பு அதிகம்.
• காய்ச்சல்: ஒவ்வாமையில் காய்ச்சல் வராது. காய்ச்சலும் உடல்வலியும் இருந்தால் தொற்றாக இருக்கலாம்.
• மூக்குநீர்: ஒவ்வாமையில் தெளிந்த நீராக ஒழுகும். ஒரு பக்கம் மட்டும் கெட்ட வாடையுடன் வடிந்தால், சிறு குழந்தைகளின் மூக்கில் ஏதேனும் பொருள் சிக்கியிருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.
• காலம்: ஆண்டு முழுவதும் இருந்து காலையில் மிகுந்தால் தூசு உண்ணியையும், பருவத்தில் மட்டும் வந்தால் மகரந்தத்தையும் ஐயுறலாம்.

இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால், "எனக்கு ஒவ்வாமைதான்" என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். காசநோய்க்கான சளிப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவ நிலையங்களில் இது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது.

காரணத்தைக் கண்டறிதல்

மருத்துவர் முதலில் கேட்பது உங்கள் அனுபவத்தையே. எனவே நான்கு வாரங்களுக்கு ஒரு குறிப்பேடு எழுதி வாருங்கள்: நாள், நேரம், அறிகுறி, இருந்த இடம், வானிலை, உட்கொண்ட மருந்து ஆகியவை போதும்.

தேவைப்பட்டால் தோல் குத்துச் சோதனை செய்யப்படும். முன்கையில் ஒவ்வாமைச் சாறுகளின் துளிகளை வைத்து மெல்லக் குத்தி, 15 முதல் 20 நிமிடத்தில் தடிப்பைப் பார்ப்பர். ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகள் முடிவைப் பாதிக்கும். அவற்றை எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். தோல் நோய் உள்ளவர்களுக்கு இரத்தத்தில் ஐஜிஇ அளவிடும் சோதனை உதவும்.

சோதனையில் ஒரு பொருளுக்குத் தடிப்பு வந்தது என்பதாலேயே அது உங்கள் நோய்க்குக் காரணம் என்று ஆகிவிடாது. அறிகுறியும் சோதனையும் ஒத்துப்போக வேண்டும். நீண்ட பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தைக்குப் பால், முட்டை, பழம் என்று ஒவ்வொன்றாக நிறுத்துவது ஊட்டச்சத்துக் குறைவில் முடியும்.

அன்றாடப் பாதுகாப்பு

வெளியில்:

• புற்களின் மகரந்தம் பெரும்பாலும் காலை வேளையில் வெளிப்படும். நடைப்பயிற்சியை மாலையில், கடற்கரைப் பக்கம் வைத்துக்கொள்ளலாம்.
• இருசக்கர வாகனத்தில் செல்லும்போது முகக்கவசமும், முகம் மறைக்கும் தலைக்கவசமும் அணியுங்கள்.
• வீடு திரும்பியதும் உடை மாற்றி, முகத்தையும் கண்களையும் கழுவுங்கள். இரவில் தலைமுடியுடன் மகரந்தம் தலையணைக்குச் செல்லாதவாறு மாலையிலேயே குளிப்பது நன்று.
• பருவம் மிகுந்த நாள்களில் படுக்கை விரிப்புகளை மொட்டைமாடியில் உலர்த்துவதைத் தவிர்த்திடுங்கள்.
• பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, மண் ஈரமாக உள்ளபோது வேருடன் பிடுங்க வேண்டும். கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம் தேவை. ஒவ்வாமை உள்ளவர் இப்பணியில் ஈடுபடலாகாது. பிடுங்கியதை எரிக்காதீர்கள்.

வீட்டில்:

• இலவம் பஞ்சு மெத்தை, தலையணைகளில் தூசு உண்ணி வாழும். நெருக்கமாக நெய்த உறையிட்டு, விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 பாகை செல்சியசு வெந்நீரில் துவையுங்கள்.
• துடைப்பத்தால் பெருக்கும்போது தூசு எழும்; ஈரத்துணியால் துடைப்பது மேல். பெருக்கும் வேளையில் நோயாளி வேறு அறையில் இருக்கட்டும்.
• சுவரில் ஈரக்கசிவு, பூஞ்சைக் கறை இருந்தால் கசிவை முதலில் அடையுங்கள். மேலே வண்ணம் பூசுவது தற்காலிக மறைப்பே. பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளில் காற்றோட்டம் இன்றியமையாதது.
• சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவர்த்திச் சுருள், புகையிலை ஆகியவற்றின் புகை ஒவ்வாமையைத் தூண்டிவிடும். கொசுவலை பாதுகாப்பான மாற்று.

மூக்கை உப்புநீரால் கழுவுதல்: கொதிக்க வைத்து ஆறவிட்ட அரை லிட்டர் நீரில் முக்கால் தேக்கரண்டி உப்பைக் கரைத்துப் பயன்படுத்தலாம். குழாய் நீரையோ கிணற்று நீரையோ காய்ச்சாமல் மூக்கினுள் செலுத்தாதீர்கள். மூளையைத் தாக்கும் அமீபா தொற்று அரிதாயினும் உயிர்க்கொல்லி.

மருந்துகள்

மூக்குத் தெளிப்பான்: ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பான்களே தொடர்ந்த மூக்கடைப்பிற்கு மிகப் பயனுள்ளவை. இவற்றின் அளவு மிகச் சிறியது. பெரும்பகுதி மூக்கிலேயே செயல்படும். முழுப் பயன் தெரிய இரண்டு வாரங்கள் வரை ஆகலாம். இரண்டு நாளில் பலனில்லை என்று நிறுத்திவிட வேண்டாம். தலையைச் சற்றே முன்னால் குனிந்து, வலக்கையால் இடப்பக்க மூக்கிலும் இடக்கையால் வலப்பக்க மூக்கிலும் தெளியுங்கள். முனை மூக்கின் நடுச்சுவரை நோக்காமல் வெளிப்புறம் நோக்கி இருக்கட்டும். பலமாக உறிஞ்ச வேண்டியதில்லை.

ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகள்: செட்டிரிசின், லெவோசெட்டிரிசின், லோராட்டடின், ஃபெக்சோஃபெனடின் போன்றவை தும்மலையும் அரிப்பையும் குறைக்கும். குளோர்பெனிரமின் போன்ற பழைய வகைகள் அதிகத் தூக்கம் தரும். உட்கொண்டபின் வாகனம் ஓட்டலாகாது. செட்டிரிசினும் சிலருக்குத் தூக்கம் தரும்.

மாண்டிலுகாஸ்ட்: லெவோசெட்டிரிசினுடன் சேர்ந்த ஒரே மாத்திரையாக இது பரவலாக விற்கப்படுகிறது. மனச்சோர்வு, கெட்ட கனவு, எரிச்சல், தற்கொலை எண்ணம் ஆகியவை சிலருக்கு ஏற்படலாம் என்று 2020இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கடும் எச்சரிக்கை வெளியிட்டது. மருத்துவர் சீட்டின்றி வாங்காதீர்கள். உட்கொள்ளும் பிள்ளையின் நடத்தையில் மாற்றம் கண்டால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூக்கடைப்பு நீக்கும் சொட்டு மருந்துகள்: ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் ஆகியவை நொடியில் மூக்கைத் திறக்கும். ஐந்து நாளுக்கு மேல் பயன்படுத்தினால் மருந்தே அடைப்பிற்குக் காரணமாகிவிடும்.

ஸ்டீராய்டு ஊசிகளும் மாத்திரைகளும்: "ஒரே ஊசியில் ஓராண்டுக்கு நலம்" என்று தரப்படுபவை பெரும்பாலும் நீண்டநாள் செயல்படும் ஸ்டீராய்டுகளே. சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், எலும்புத் தேய்வு ஆகியவற்றை அவை உண்டாக்கவோ மிகுவிக்கவோ கூடும். உள்ளடக்கம் அறியாத பொடிகளையும் இவ்வாறே தவிர்த்திடுங்கள்.

ஒவ்வாமை ஊசிச் சிகிச்சை: காரணம் உறுதியாகத் தெரிந்து, மருந்தால் போதிய பலன் இல்லாதவர்களுக்கு, அதே ஒவ்வாமைப் பொருளைச் சிறுகச் சிறுகச் செலுத்தி உடலைப் பழக்குவர். குறைந்தது மூன்று ஆண்டுகள் தொடர வேண்டும். ஒவ்வோர் ஊசிக்குப் பின்னும் 30 நிமிடம் மருத்துவமனையிலேயே இருத்தல் கட்டாயம். ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு இது தரப்படுவதில்லை.

ஆஸ்துமாவும் இருந்தால்

மூக்கும் நுரையீரலும் ஒரே மூச்சுப் பாதையின் இரு முனைகள். ஒன்றில் உள்ள அழற்சி மற்றொன்றையும் பாதிக்கக்கூடும். இரவில் இருமல், விசில் போன்ற மூச்சொலி, விளையாடும்போது நெஞ்சு இறுக்கம் ஆகியவை இருந்தால் ஆஸ்துமாவுக்கான பரிசோதனை தேவை.

இன்ஹேலர் பழக்கத்திற்கு அடிமையாக்கும் என்பது தவறான நம்பிக்கை. மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவு மருந்து, தேவைப்படும் இடத்திற்கே நேராகச் செல்கிறது. மூச்சை உடனே சீராக்கும் இன்ஹேலரை மட்டும் நம்பி, அழற்சியைத் தணிக்கும் இன்ஹேலரை நிறுத்திவிடுவதே ஆபத்தானது.

குழந்தைகள், கர்ப்பிணிகள்

குழந்தை வாயால் மூச்சுவிடுதல், குறட்டை, மூக்கை மேல்நோக்கித் தேய்த்தல், கண்ணின் கீழ் கருவளையம், வகுப்பில் கவனக்குறைவு ஆகியவை ஒவ்வாமையின் அடையாளங்களாக இருக்கலாம். இரவு உறக்கம் கெடுவதால் படிப்புப் பாதிக்கப்படுகிறது. அதைச் சோம்பல் என்று கடிந்துகொள்ளாதீர்கள்.

கர்ப்பிணிகள் ஆஸ்துமா மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. தாய்க்கு மூச்சு குறைந்தால் கருவுக்கும் ஆக்சிஜன் குறையும். எந்த மருந்து ஏற்றது என்பதை மகப்பேறு மருத்துவர் முடிவு செய்வார்.

எங்கு அணுகுவது?

முதலில் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். தேவைப்பட்டால் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, கோரிமேடு அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை, ஜிப்மர் ஆகியவற்றிற்குப் பரிந்துரைக்கப்படுவீர்கள். பழைய மருந்துச் சீட்டுகளையும் குறிப்பேட்டையும் உடன் கொண்டு செல்லுங்கள்.

உடனடி உதவி தேவைப்படும் அறிகுறிகள்

• ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாத மூச்சுத்திணறல்
• உதடு அல்லது நகம் நீலம் பாய்தல்
• மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளிடையே தோல் உள்வாங்குதல்
• இன்ஹேலர் எடுத்தும் பலனின்மை
• முகம், நாக்கு, தொண்டை வீக்கம், மயக்கம்
• குழந்தை சோர்ந்து துவளுதல்

இவற்றுள் ஒன்று தோன்றினாலும் 108 எண்ணை அழையுங்கள். ஆஸ்துமா நோயாளியை நிமிர்ந்து உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். உடனடி நிவாரண சால்பூட்டமால் இன்ஹேலரை, இயன்றால் ஸ்பேசர் குழலுடன், 30 முதல் 60 வினாடிக்கு ஓர் அழுத்தமாக, அதிக அளவு 10 வரை கொடுக்கலாம். சற்றுத் தேறினாலும் மருத்துவமனைக்குச் செல்வதைத் தவிர்க்காதீர்கள்.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் மாற்றுவதும் மருத்துவரின் ஆலோசனைப்படியே அமைய வேண்டும்.